அம்மாவோடு தோக்கியோ: கண்டா கோயிலுக்குப் போகலாமா?

சுங்கை சிப்புட் மகள்:
வணக்கம். நவம்பரில் அம்மாவோடும் தம்பியோடும் தோக்கியோ போகிறேன். தம்பிக்கு அக்கிஹபாராவில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். பக்கத்திலேயே கண்டா மியோஜின் என்ற பழைய ஷிண்டோ (ஜப்பானியர் மதம்) கோயில் இருக்கிறது, எனக்கு அங்கே போக ஆசை. அம்மாதான் பிடி கொடுக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் பாட்டியின் அப்பாவை எங்கள் மலேசியத் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரர்கள் சயாம்-பர்மா ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்கள், திரும்பவே இல்லை. "அவன் சாமியை நான் ஏன் கும்பிடணும்?" என்கிறார். மூட்டுவலி வேறு. போனவர்கள் சொல்லுங்கள்.

பீடோர் அண்ணன்:
தங்கச்சி, அம்மா நினைப்பது யாசுகுனி கோயில் மாதிரி இடத்தை. அது குடான் பக்கம், போரில் செத்த சிப்பாய்களுக்காக 1869இல் எழுப்பியது. 1978இல் முக்கியப் போர்க் குற்றவாளிகளையும் அங்கே சேர்த்துவிட்டார்கள். அதன் அருங்காட்சியக முகப்பில் சயாம் பாதையில் ஓடிய நீராவி இன்ஜினையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தெரியாமல்கூட அம்மாவை அங்கே கூட்டிப் போய்விடாதீர்கள்.

கண்டா வேறு. 730இல் தொடங்கிய கோயில், 1616இல் இப்போதுள்ள மேட்டுக்கு வந்தது. அங்கே கும்பிடும் மூவரில் ஒருவர் மசகாடோ, பேரரசரையே எதிர்த்து 940இல் கொல்லப்பட்ட வீரர். கலகக்காரர் என்று சொல்லி 1874இல் அவரை மூலஸ்தானத்திலிருந்து இறக்கினார்கள். 1984இல்தான் திரும்ப உள்ளே வந்தார். நம் தோட்டத்து மதுரை வீரனை நினைத்துக்கொள்ளுங்கள், அம்மாவுக்குச் சட்டென்று புரியும்.

அக்கிஹபாரா பக்கம் செங்குத்தான கல்படி, மூட்டுக்கு ஆகாது. ஒச்சனோமிசு ஸ்டேஷனில் இறங்கி முன்வாசல் வழியாகப் போங்கள். தோரி என்ற நுழைவு வளைவை ஒட்டி 1846இலிருந்து ஒரு அமசாக்கே கடை இருக்கிறது. அரிசியில் செய்யும் இனிப்புப் பானம், போதை கிடையாது. அம்மாவை அங்கே கொஞ்சம் உட்கார வையுங்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம், சூடம் தேங்காய் எதுவும் வேண்டாம். தொட்டியில் முதலில் இடது கை, அப்புறம் வலது கை கழுவி, வாய் கொப்பளிக்க வேண்டும். சன்னதி முன் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒரு முறை குனிவார்கள். அம்மாவுக்கு மனசில்லை என்றால் சும்மா நிற்கட்டும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

காப்பார் பேரன்:
அக்கா, நான் அந்த இன்ஜினைப் பார்க்கவே யாசுகுனிக்குப் போனேன். கும்பிடவில்லை. என் தாத்தா சிலிப்பர் கட்டை சுமந்த பாதை அது. கறுப்புப் பெயின்ட் பளபளவென்று இருந்தது, வயிறு எரிந்தது. ஆனாலும் பார்த்தது நல்லது என்றுதான் நினைக்கிறேன். அம்மாவிடம் மறைக்காதீர்கள், அவரே முடிவு செய்யட்டும்.

சுங்கை சிப்புட் மகள்:
நன்றி அண்ணா, நன்றி தம்பி. அம்மாவிடம் மசகாடோ கதையைச் சொன்னேன். "எப்படிக் கொன்னாங்க?" என்று கேட்டார். தலையை கியோத்தோவில் பார்வைக்கு வைத்ததையும் சொன்னேன். "சரி, போவோம்" என்றார். இன்ஜினைப் பற்றி இன்று ராத்திரி கேட்கிறேன்.