.22 ரைபிளின் ட்ரிக்கர் சொரசொரப்பாக நகர்கிறது: ஸ்பிரிங்கை வெட்டலாமா?

கேள்வி

என்னிடம் உள்ள ஒற்றைத் தோட்டா, போல்ட் வகை .22 எல்.ஆர். ரைபிளைப் படுத்த நிலையில் 50 மீட்டர் இலக்கைச் சுடுவதற்கு மட்டுமே பயன்படுத்துகிறேன். ட்ரிக்கர் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எடையில் விடுபடுகிறது. அதைவிடத் தொல்லையானது, விடுபடும் முன் மணலில் உரசுவதுபோல் விட்டுவிட்டு நகர்வதுதான். குண்டுகள் பட்ட குறிகள் மேல் கீழாக அதிகம் விலகாமல் பக்கவாட்டில் மட்டும் பரவுகின்றன. ட்ரிக்கர் ஸ்பிரிங்கில் இரண்டு சுருள்களை வெட்டிவிட்டு, சியரின் (ட்ரிக்கரை அழுத்தும்வரை ஃபயரிங் பின்னை, அதாவது தோட்டாவை அடிக்கும் ஊசியை, பிடித்து வைக்கும் கொக்கி) முகத்தை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்தால் சரியாகும் என்று ஒருவர் கூறினார். செய்யலாமா?

பதில் 1

இரண்டையுமே செய்ய வேண்டாம். எடை, விடுபடும் முன் உள்ள நகர்வு, சொரசொரப்பு ஆகிய மூன்றும் தனித்தனிக் குறைகள். ஸ்பிரிங்கை வெட்டினால் எடை மட்டும் குறையும். சொரசொரப்பு அப்படியே இருக்கும். அதோடு, சியரைத் தன் இடத்துக்குத் திருப்பித் தள்ளும் விசையும் குறைந்துபோவதால், போல்ட்டை வேகமாக மூடும்போது அது முழுமையாகப் பிடிபடாமல் தானாகவே வெடிக்கும் அபாயம் உண்டு.

சியரைத் தேய்ப்பது அதைவிட மோசம். பல ரைபிள்களில் சியரின் மேற்பரப்பு மட்டுமே கடினப்படுத்தப்பட்டிருக்கும். அந்த மெல்லிய படலம் போய்விட்டால் அடியில் உள்ள மென்மையான உலோகம் விரைவில் தேய்ந்துவிடும். பிடிமுகத்தின் கோணம் சிறிது மாறினாலும், சேஃப்டியை (பாதுகாப்புப் பூட்டு) விலக்கும்போதோ துப்பாக்கி எதிலாவது இடிபடும்போதோ சியர் நழுவக்கூடும். கோணத்தை அளக்கும் கருவியும் பயிற்சியும் உள்ள துப்பாக்கி பழுதுபார்ப்பவர் செய்ய வேண்டிய வேலை இது.

முதலில் சேம்பர் (தோட்டா அமரும் அறை) காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்து, கட்டையிலிருந்து (தோளில் அணைக்கும் மரப்பகுதி) போல்ட்டும் ட்ரிக்கரும் அடங்கிய ஆக்‌ஷனைக் கழற்றிய பின் ட்ரிக்கரை அழுத்திப் பாருங்கள். அப்போது சொரசொரப்பு மறைந்தால் குறை ட்ரிக்கருக்குள் இல்லை. ட்ரிக்கரின் பக்கம் கட்டையின் வெட்டுப் பள்ளத்திலோ காவல் வளையத்திலோ உரசுகிறது என்று பொருள்.

பதில் 2

அதோடு அழுக்கையும் பாருங்கள். .22 எல்.ஆர். தோட்டாவின் ஈயக்குண்டில் வெளிப்புறமாகவே மெழுகோ கிரீஸோ பூசப்பட்டிருப்பதால், அதுவும் எரியாத வெடிமருந்துத் துகள்களும் சேர்ந்து ட்ரிக்கர் பகுதிக்குள் பிசினாகப் படியும். பழைய எண்ணெய் உலர்ந்திருந்தால் இன்னும் மோசம். பாகங்களைப் பிரிக்காமலேயே கரைப்பானால் கழுவி, முற்றிலும் உலரவிட்டு, சுழல் ஊசிகளில் மட்டும் மெல்லிய எண்ணெய் ஒரு துளி இடுங்கள். எண்ணெயைத் தாராளமாக ஊற்றுபவர்களே அடுத்த முறையும் இதே கேள்வியோடு வருகிறார்கள்.

சுடாமல் ட்ரிக்கரை மட்டும் அழுத்திப் பார்க்கும் வெற்று அழுத்தத்துக்கு, வெடிமருந்தில்லாத பயிற்சித் தோட்டாவைப் பயன்படுத்துங்கள். தோட்டாவின் விளிம்பில் அடிக்கும் சில ரிம்ஃபயர் ரைபிள்களில் ஃபயரிங் பின் சேம்பரின் விளிம்பையே அடித்துப் பள்ளமாக்கிவிடும்.

கேட்டவர்

ஆக்‌ஷனைக் கழற்றியதும் சொரசொரப்பு பாதியாகக் குறைந்தது. ட்ரிக்கரின் வலப்பக்கத்தில் மரம் உரசிய பளபளப்பு தெரிந்தது. பள்ளத்தை மெல்ல அகலப்படுத்தி உட்பகுதியைக் கழுவிய பிறகு நகர்வு சீராகிவிட்டது. எடை மட்டும் குறையவில்லை. எவ்வளவுக்குக் குறைக்கலாம்?

பதில் 1

எதற்காகச் சுடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சர்வதேச விதிகளில் 50 மீட்டர் ரைபிளுக்குக் குறைந்தபட்ச ட்ரிக்கர் எடை கிடையாது; 300 மீட்டர் ஸ்டாண்டர்டு ரைபிளுக்கு 1500 கிராம் இருக்க வேண்டும். போட்டி ரைபிள்களின் இரு கட்ட ட்ரிக்கர்கள் (முதலில் இலேசாக நகர்ந்து நின்று, பிறகு விடுபடுபவை) 100 கிராம் அளவுக்கு இலேசாக இருப்பதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அவை அதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. உங்களுடைய ஒரு கட்ட ட்ரிக்கருக்கு ஒன்றரைக் கிலோவே தாராளம். எடையைவிட ஒரே சீராக விடுபடுவதுதான் குறியைக் காப்பாற்றும்.

தயாரிப்பாளர் இலகுவான ஸ்பிரிங்கோ சரிசெய்யும் திருகோ தந்திருந்தால் அதை மட்டும் பயன்படுத்துங்கள். குழலை மேல்நோக்கி நிறுத்தி, ட்ரிக்கரில் எடைக்கற்களைத் தொங்கவிட்டுத் துப்பாக்கியை மெதுவாகத் தூக்கினால் எடையைச் சரியாக அளக்கலாம்.

பதில் 2

மாற்றிய பிறகு சோதனையைத் தவிர்க்காதீர்கள். சேம்பர் காலியாக இருக்கும்போது ஆக்‌ஷனைக் கட்டையில் பொருத்தி, திருகுகளை வழக்கமான அளவுக்கு இறுக்கி, போல்ட்டைப் பலமுறை வேகமாக மூடுங்கள். பின் ரப்பர் சுத்தியலால் கட்டையின் பின்புறத்தையும் பக்கங்களையும் தட்டுங்கள். சேஃப்டியைப் போட்டு ட்ரிக்கரை அழுத்திவிட்டு, விரலை எடுத்தபின் சேஃப்டியை விலக்கியும் பாருங்கள். ஒருமுறை விடுபட்டாலும் பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டு, ரைபிளைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

பக்கவாட்டுப் பரவல் அதன் பிறகும் தொடர்ந்தால் ட்ரிக்கரை விட்டுவிடுங்கள். 50 மீட்டரில் .22 குண்டைக் குறுக்குக் காற்று எளிதாகத் தள்ளும். காற்றில்லாத வேளையில், தாங்கியின் மேல் வைத்துச் சுட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.