சூளைக்குப் போற பிள்ளைங்க படிப்பு, யாராச்சும் வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். நான் திருவண்ணாமலை மாவட்டத்துல ஒரு ஈராசிரியர் பள்ளியில டீச்சர், அஞ்சு கிளாஸுக்கும் சேர்த்து நாங்க ரெண்டே பேர்தான்.

பொங்கல் முடிஞ்சதும் ஊர்ல பாதி வீடு பூட்டிடும். அட்வான்ஸ் வாங்கிட்டு திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைக்குப் போயிடறாங்க, பிள்ளைங்களையும் கூட்டிட்டு, ஏன்னா பார்த்துக்க வீட்ல ஆளில்ல. திரும்பி வர ஜூன் ஆயிடுது. எண்ணும் எழுத்தும்ங்கற அரசோட அடிப்படைக் கல்வித் திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு படிப்படியா நிலை பிரிச்சு சொல்லிக்கொடுத்து, மொட்டுக்கு வந்த பிள்ளை திரும்பி வரும்போது மறுபடி அரும்புல நிக்குது, போன வருஷம் கதை வாசிச்ச பொண்ணு இப்ப எழுத்துக்கூட்டவே தடுமாறுறா, அதைப் பார்க்க மனசு தாங்கல.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி வருஷத்து நடுவுலயும் சேர்த்துக்கணும், டிசி வர லேட்டானாலும் சேர்க்கமாட்டேன்னு சொல்லக்கூடாது. ஆனா சூளையில இருக்கற அம்மா அப்பாவுக்கு இது எங்க தெரியும், கூலி வேலைய விட்டுட்டு யாரு போய் கேப்பாங்க?

செங்குன்றம், ஊத்துக்கோட்டை பக்கம் இருக்கறவங்க யாராச்சும் சூளைக்குப் போய் பிள்ளைங்களை பக்கத்து அரசுப் பள்ளியில சேர்த்துவிட்ட அனுபவம் இருந்தா சொல்லுங்களேன், எமிஸ்ல, அதாவது கல்வித்துறையோட ஆன்லைன் மாணவர் பதிவுல, பிள்ளை பேரை அந்தப் பள்ளிக்கு மாத்துறதுல சிக்கல் வந்துச்சா, சூளைக்காரங்க எப்படி ஒத்துக்கிட்டாங்க? அப்புறம் பெரிய எழுத்துல, ஒரு பக்கத்துக்கு ரெண்டு வரி இருக்கற தமிழ் கதைப் புக்கு பழசா இருந்தாலும் வேணும், பையில போட்டுக் கொடுத்து அனுப்பலாம்னு இருக்கேன். டிசம்பருக்குள்ள கிடைச்சா நல்லாருக்கும்.