முதல் 50 கிலோமீட்டர்: வயிறு ஒத்துழைக்க மறுக்கிறது, உதவுங்கள்
வணக்கம் நண்பர்களே. 42.195 கிலோமீட்டர் மாரத்தானை இரண்டு முறை முடித்த துணிச்சலில் மாரத்தானைவிட நீளமான 50 கிலோமீட்டர் அல்ட்ரா ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். இன்னும் பதினான்கு வாரங்கள் இருக்கின்றன. சனிக்கிழமை 28 கிலோமீட்டர், மறுநாள் களைத்த காலோடு 16 என்று ஓடிப் பழகுகிறேன். மேட்டில் ஓடாமல் நடக்க இருந்த கூச்சமும் போய்விட்டது.

சிக்கல் வயிற்றில்தான். மூன்று மணி நேரம் தாண்டினால் ஓடும்போது சக்திக்காகச் சாப்பிடும் ஜெல்லைப் பார்த்தாலே குமட்டுகிறது. போன வாரம் பாதி பிரித்த பாக்கெட்டைப் பிடித்தபடி, விரலெல்லாம் பிசுபிசுக்க, கடைசி ஆறு கிலோமீட்டரை ஓடினேன். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்கிறார்கள்; எனக்கு 30 இறங்குவதே பெரும்பாடு. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறையும் என்பதால் அதற்கும் பயம்.

திட உணவுக்கு மாறியவர்கள் இருக்கிறீர்களா? எதை, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை சாப்பிட்டீர்கள்? கால் கட்டைவிரல் நகம் வேறு கறுத்திருக்கிறது. அரை அளவு பெரிய ஷூ போதுமா?