அந்த 13 நிமிடப் படம்: பழைய மார்மன் மிஷனரி படத்தைப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

ஆரெம், யூட்டா

யூட்யூபில் வேறு எதையோ தேடப்போய் அந்தப் பழைய படம் கண்ணில் பட்டது. 'மேன்ஸ் சர்ச் ஃபார் ஹாப்பினஸ்' (மனிதன் மகிழ்ச்சியைத் தேடுவது), 1964ஆம் ஆண்டுப் பதிப்பு. யூட்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட மார்மன் கிறிஸ்தவச் சபை எடுத்தது. கலர் வெளுத்துப் போயிருக்கிறது, ஒலியும் கரகரப்பு. ஆனாலும் அந்தக் குரல் ஆரம்பித்ததும் வேலையை அப்படியே போட்டுவிட்டு முழுசாகப் பார்த்தேன். நம்மில் யூட்டாவில் படித்தவர்கள், வேலை பார்த்தவர்கள், வெள்ளைச் சட்டையும் டையுமாக இரண்டு மார்மன் மிஷனரிப் பையன்கள் வந்து கதவைத் தட்டக் கண்டவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். இந்தப் படத்தை எங்கே, எப்படிப் பார்த்தீர்கள் என்று எழுதுங்களேன். நான் மார்மன் இல்லை, ஆகப் போவதுமில்லை. மதமாற்றச் சண்டை வேண்டாம் என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விவரம். 1964, 65 இரண்டு வருடமும் நியூயார்க்கில், குவீன்ஸ் பகுதியின் ஃப்ளஷிங் மெடோஸில் உலகக் கண்காட்சி நடந்தது. அதில் மார்மன் சபைக்கும் ஒரு அரங்கம். யூட்டாவின் சால்ட் லேக் நகரில் உள்ள அவர்களுடைய கோயிலின் கோபுரங்களைப் போலவே 127 அடி உயரத்துக்கு முகப்பு எழுப்பி, உச்சியில் தங்க நிறத்தில் மொரோனை தேவதூதனை நிறுத்தியிருந்தார்கள். கிட்டத்தட்ட 60 லட்சம் பேர் அந்த அரங்கத்துக்குள் போய் வந்ததாகக் கணக்கு. அங்கே காட்டுவதற்காகவே எடுத்த படம் இது. பிரிகம் யங் பல்கலைக்கழகத்தின் ஸ்டூடியோ தயாரிப்பு. நான் யார், எங்கிருந்து வந்தேன், செத்த பிறகு எங்கே போகிறேன் என்ற கேள்விகளை வைத்துக்கொண்டு, பிறப்புக்கு முந்தைய வாழ்க்கை, இந்த உலகம், அதற்கப்புறம் என்று 13 நிமிடத்தில் ஓடி முடித்துவிடும். கண்காட்சி முடிந்த பிறகும் வெகுகாலம் மிஷனரிகள் இதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். முதலில் 16 மில்லிமீட்டர் புரொஜெக்டரில், பிறகு வீடியோ கேசட்டில்.

நான் பார்த்தது 80களின் நடுவில், சால்ட் லேக்கில் மேல்படிப்புப் படித்தபோது. டிசம்பர் குளிர், கையில் காசு கிடையாது. அந்தக் கோயில் இருக்கும் டெம்பிள் ஸ்கொயர் வளாகத்தில் எல்லாமே இலவசம், உள்ளே கதகதப்பாக வேறு இருக்கும். போகாமல் இருப்போமா? வடக்குப் பக்கத்துப் பார்வையாளர் மையத்தில் சுற்றிச் சுற்றி மேலே ஏறும் சாய்வுப் பாதை ஒன்று உண்டு. ஏறிப் போனால் 11 அடி உயர வெள்ளைப் பளிங்குக் கிறிஸ்து சிலை, பின்னால் சுவர் முழுக்கக் கோள்களும் விண்மீன்களுமாக ஓவியம். அதைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினால் படம். (அந்த மையத்தை 2021இல் இடித்துவிட்டார்கள். கோயில் வளாகத்தையே மொத்தமாகப் புதுப்பிக்கும் வேலையில் அதுவும் போனது.)

படத்தில் ஒரு தாத்தா சாவார். அடுத்த நொடி ஒரே வெளிச்சம். முன்னாலேயே போய்ச் சேர்ந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் வெள்ளை உடையில் வந்து அவரை அணைத்துக்கொள்வார்கள். அந்த வருடம்தான் ஊரில் என் தாத்தா காலமாகியிருந்தார். பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் எனக்கு ஏரோகிராமே வந்து சேர்ந்தது. நாடகத்தனமான காட்சி என்று மூளைக்குத் தெரிகிறது, இருந்தாலும் கண் கலங்கிவிட்டது. கூட வந்த இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள், அவர்களுக்கு என்ன நினைப்போ.

என்னைக் கேட்டால் படத்தில் முக்கால் பங்கு குரல்தான். ரிச்சர்ட் எவன்ஸ். மார்மன் சபையின் டாபர்னாக்கிள் பாடகர் குழு நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வானொலி நிகழ்ச்சியில் 1930 தொடங்கி 1971இல் இறக்கும்வரை பேசியவர். சபையின் 12 அப்போஸ்தலர்களில் ஒருவரும்கூட. ஆனால் பிரசங்கம் பண்ணுகிற தொனியே இருக்காது. நள்ளிரவில் ரேடியோவில் செய்தி வாசிப்பவர் நமக்கு மட்டும் வாசிப்பதுபோல இருக்கும்.

எடிசன், நியூ ஜெர்சி

எங்கள் வீட்டில் நடந்தது, 90களில். அபார்ட்மென்டுக்கு இரண்டு பையன்கள் வந்தார்கள், இருபது வயதுகூட ஆகியிருக்காது. ஜூலை வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து வேர்த்து வழிந்துகொண்டிருந்தார்கள். அப்போது அம்மா கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு இருந்தார். யார், எதற்கு வந்திருக்கிறார்கள் என்று கேட்பதற்கு முன்பே டபரா டம்ளரில் காபி வந்துவிட்டது. பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாக வேண்டாம் என்றார்கள். அவர்களுக்குக் காபி, டீ இரண்டும் கூடாது. அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "காபி குடிக்காத பிள்ளைங்களா? உடம்புக்கு எதாவதா?" என்று என்னிடம் தமிழில் கேட்டார். பிறகு உள்ளே போய் ஹார்லிக்ஸ் கலந்துகொண்டு வந்தார். ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்தார்கள். அதற்கப்புறம் அம்மா அவர்கள் கட்சி!

அடுத்த முறை வந்தபோது கேசட் கொண்டுவந்தார்கள். அம்மாவும் உட்கார்ந்துவிட்டார், நான் பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பிறப்பதற்கு முன்னாலேயே இருந்தோம் என்ற இடம் வந்ததும், "சரி, இவங்களுக்கும் முன்ஜென்மம் உண்டு போல" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதில் ஒரு பையன், இல்லை என்று பொறுமையாக விளக்கினான். பூமியில் பிறப்பது ஒரே தடவைதான். அதற்கு முன்னால் கடவுளிடம் ஆவியாக இருந்தோம், பிறக்கும்போது ஒரு திரை விழுந்து அந்த நினைவு மறைந்துவிடுகிறது, உடம்பு பெறவும் சோதிக்கப்படவும் இங்கே வருகிறோம் என்று. அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "ஒரே தடவைதானா? அதுல ஃபெயில் ஆயிட்டா?"

பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பதில் வைத்திருந்தான். உயிரோடு இருக்கும்போது இந்தச் செய்தியைக் கேட்காமலேயே செத்துப்போனவர்களுக்காக, அவர்கள் வம்சத்தில் உயிரோடு இருப்பவர்கள் கோயிலில் அவர்கள் பெயரால் ஞானஸ்நானம் எடுக்கலாம், ஏற்பதும் மறுப்பதும் செத்தவர் விருப்பம் என்றான். அம்மா உடனே, "அட, திதி கொடுக்கிற மாதிரி" என்றார். நான் அதை மொழிபெயர்க்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பையன்களுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. உங்களுக்கு எத்தனை தலைமுறைப் பெயர் தெரியும் என்று கேட்டார்கள். அம்மா இரண்டு பக்கத்திலும் மூன்று தலைமுறையை, தர்ப்பணத்தில் சொல்லும் வரிசையிலேயே கடகடவென்று ஒப்பித்தார். ஆண்கள் பெயர், பெண்கள் பெயர், கோத்திரம் எல்லாம். வம்ச வரலாற்றுக்கென்றே சால்ட் லேக்கில் பெரிய நூலகம் வைத்து, உலகம் முழுக்கப் பதிவேடுகளை மைக்ரோஃபிலிம் எடுத்த கூட்டம் அது. ஊரிலிருந்து வந்த ஒரு பாட்டி ஏடு இல்லாமல் இதைச் சொன்னதும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள்.

தாத்தா காட்சிக்கு அம்மாவின் தீர்ப்பு: "பித்ருலோகம்தான். ஆனா எல்லாரும் இவ்வளவு சுத்தமா இருக்க மாட்டாங்க."

கோபே, ஜப்பான்

இதற்கு ஒரு ஜப்பானியப் படம் உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1970இல் ஒசாகாவில் உலகக் கண்காட்சி நடந்தபோது மார்மன்கள் அங்கேயும் அரங்கம் போட்டார்கள். அமெரிக்கப் படத்துக்குக் குரல் மட்டும் மாற்றிப் போடாமல், ஜப்பானிய நடிகர்களை வைத்துப் புதிதாகவே எடுத்தார்கள். அங்கேயும் 60 லட்சத்துக்கு மேல் கூட்டம்.

இது எனக்குத் தெரிய வந்தது எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்ற அம்மாள் ஒருவர் சொல்லித்தான். கண்காட்சிக்குப் போனபோது அவர் பள்ளிச் சிறுமி. அமெரிக்க அரங்கத்தில் நிலாக்கல் வைத்திருந்தார்கள், அதற்கு மணிக்கணக்கில் வரிசை. அவர் அப்பா வரிசையைப் பார்த்துவிட்டு, கல்லைப் பார்க்க இவ்வளவு நேரமா என்று வேறு பக்கம் கூட்டிக்கொண்டு போனாராம். அப்படிப் போய் உட்கார்ந்த இடம் இது. படத்தில் என்ன போதித்தார்கள் என்பது அவருக்கு நினைவில்லை. வீட்டுப் பெரியவர் இறப்பதும் அந்தப் பக்கத்தில் ஆட்கள் காத்திருப்பதும் மட்டும் நினைவிருக்கிறது. வீட்டுக்குத் திரும்பியதும் புத்சுதான் முன்னால் உட்கார்ந்து, படத்தில் தாத்தா வந்தாரா என்று பாட்டியிடம் கேட்டிருக்கிறார். (புத்சுதான் என்பது இறந்தவர்களை வைத்துக் கும்பிடும் வீட்டுப் பூஜை அலமாரி.) பாட்டி, அவர் இங்கேதானே இருக்கிறார், எதற்கு அங்கே போகப் போகிறார் என்று சொல்லிவிட்டாராம்.

யூட்டாவிலிருந்து வந்தவர்களின் கதை ஜப்பானில் ஏன் எடுபட்டது என்று யோசித்தால் இதுதான் காரணம் என்று படுகிறது. முன்னோரைத் தினமும் கும்பிடுகிற வீடுகளில் இந்த விஷயத்துக்கு முன்னுரை தேவைப்படவில்லை. அந்த அம்மாள் மதம் மாறவில்லை. ஆனால் நிலாக்கல்லைப் பார்க்காமல் போன வருத்தம் இன்னும் இருக்கிறது.

டொரண்டோ

எல்லோரும் உருகுகிறீர்கள், ஒரு மாற்றுக் குரல். நானும் யூட்யூபில் பார்த்தேன். நான் பார்த்தவரை அந்தச் சொர்க்கத்தில் இருப்பது அத்தனையும் வெள்ளைக்கார முகம். 1964 என்பது அமெரிக்காவில் சிவில் உரிமைச் சட்டம் வந்த வருடம். இந்தச் சபை கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் தரத் தொடங்கியதோ 1978இல்தான். குடும்பம் என்றென்றைக்கும் ஒன்றாக இருக்கும் என்று காட்டியவர்கள், கறுப்பினக் குடும்பங்களுக்கு அதற்கான கோயில் சடங்கையே அதுவரை மறுத்தார்கள். பழைய நினைவு இனிக்கலாம், இதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆரெம், யூட்டா

டொரண்டோக்காரர் சொல்வது சரி. மறுக்க ஒன்றுமில்லை. இங்கே என் பக்கத்து வீட்டுக்காரர், 60களில் மிஷனரியாகப் போய்வந்தவர், இதையே என்னிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். ஜூன் 1978இல் அந்த அறிவிப்பை ரேடியோவில் கேட்டதும் காரை ஓரம் கட்டிவிட்டு அழுதேன் என்றார். அவர்தான் புரொஜெக்டர் கதைகளையும் சொன்னார். ஒரு வீட்டில் திரை இல்லாமல் படுக்கை விரிப்பை ஆணியில் மாட்டிக் காட்டினார்களாம். விரிப்பில் பூப்போட்ட கரை. சொர்க்கத்தின் ஓரம் முழுக்க ரோஜாப்பூ.

எடுத்தவர் பற்றியும் ஒரு வார்த்தை. இயக்குநர் வெட்ஸல் விட்டேக்கர், எல்லோரும் 'ஜட்ஜ்' என்றே கூப்பிடுவார்கள். பிரிகம் யங் ஸ்டூடியோவுக்கு வருவதற்கு முன்னால் டிஸ்னியில் அனிமேட்டர். சொர்க்கக் காட்சியில் அந்தக் கை தெரிகிறது என்பது என் எண்ணம். மேடையும் புகையும் விளக்கும் கார்ட்டூன் பின்னணியை மனதில் வைத்து அடுக்கியதுபோலத்தான் இருக்கிறது. 1986இல் இதையே மறுபடி எடுத்தார்கள். படப்பிடிப்பு பளிச்சென்று இருக்கும், எனக்கு ஒட்டவே இல்லை. எவன்ஸ் இல்லையே.

லாங் ஐலண்ட், நியூயார்க்

எங்கள் தெருவில் 70ஐத் தாண்டிய யூதர் ஒருவர் இருக்கிறார். சிறுவனாக அந்தக் கண்காட்சிக்குப் போனவர். வத்திக்கான் அரங்கத்தில் மைக்கலாஞ்சலோவின் பியேட்டா சிலையை நின்று பார்க்க விடாமல் நகரும் நடைபாதையில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள் என்று இன்னும் கோபப்படுவார். மார்மன் அரங்கத்துக்கு ஏன் போனீர்கள் என்றேன். "எங்க அம்மாவுக்குக் கால் வலி. அங்கே நாற்காலி இருந்தது, ஏசியும் இருந்தது. படம் முடிஞ்சதும் இன்னொரு தடவை பார்க்கலாம்னாங்க" என்றார். அந்த 60 லட்சத்தில் இப்படி எத்தனை பேரோ!

இன்னொன்று. கண்காட்சி முடிந்து அரங்கத்தைப் பிரித்தபோது, அந்தச் சாமான்களைக் கொண்டு இங்கே ப்ளெயின்வ்யூவில் ஒரு சபைக் கட்டடம் எழுப்பினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கட்டடம்தான். விஷயம் தெரியாவிட்டால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள்.

சாண்டி, யூட்டா

யாரும் 'ஜானி லிங்கோ'வைச் சொல்லவில்லையே? அதே விட்டேக்கர், 1969. அது மிஷனரி படம் இல்லைதான், ஆனால் இங்கே என் வயது ஆட்களிடம் பழைய படம் என்று பேச்செடுத்தால் தாத்தா படத்துக்கு முன்னால் அதைத்தான் சொல்வார்கள். ஒரு தீவில் பெண்ணுக்குப் பரிசமாக மாடு கொடுக்கும் வழக்கம். யாரும் சீண்டாத பெண்ணுக்கு நாயகன் எட்டு மாடு கொடுக்கிறான். எங்கள் ஆபீஸில் இன்னமும் ஒருவர் மனைவியைப் பற்றிப் பெருமையாகப் பேசினால், "அப்போ எட்டு மாடா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். நான் புதிதாகச் சேர்ந்தபோது இது புரியாமல், எங்கள் ஊரில் மாப்பிள்ளைக்குத்தான் வண்டி வாங்கிக் கொடுப்பார்கள் என்று சொல்லிவைத்தேன். அன்றைக்கு முழுக்க அதைத்தான் விளக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் படத்துக்குத் தனியாக ஒரு பகிர்வு ஆரம்பியுங்கள், நான் வருகிறேன்.