பிள்ளையோடு வாழச் சம்பள வரம்பா?

துவாஸ் வெல்டர்:
இங்கே சிங்கப்பூரில் மாதம் 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம் வாங்குபவர் மனைவி, பிள்ளைகளை அழைத்து வரலாம். பெற்றோரும் வர வேண்டுமென்றால் 12,000 வெள்ளி. 1 கோடி வெள்ளி முதலீடு செய்பவருக்கு நிரந்தரவாசமே கிடைக்க வழி உண்டு. எங்களைப் போல வேலை அனுமதிச் சீட்டில் (வொர்க் பெர்மிட்) குறைந்த சம்பளத்துக்கு உழைப்பவருக்கு எதுவும் இல்லை. என் அறைத்தோழர் ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் உட்கார்ந்து, மகளின் கணக்கு நோட்டைக் கைப்பேசியில் பார்த்துத் திருத்துகிறார். பிள்ளையோடு இருக்கும் உரிமையைச் சம்பளச் சீட்டைப் பார்த்தா கொடுப்பது?

பாசிர் ரிஸ்வாசி:
தம்பி, இது நம் ஊர் மட்டும் செய்வதல்ல. அரசுச் செலவில் வாழ நேரக்கூடியவரைக் கரையில் இறக்கக் கூடாது என்று அமெரிக்கா 1882-லேயே சட்டம் போட்டது. தலைக்கு 50 காசு வரியும் வாங்கியது. நம்முடையது சின்னத் தீவு. வீடும் பள்ளியும் மருத்துவமனையும் எத்தனை பேருக்குப் போதும்? எங்காவது கோடு கிழித்துத்தான் ஆக வேண்டும்.

சிராங்கூன் வாசகி:
கோடு யார் மேல் விழுந்தது என்பதையும் சொல்லுங்கள் ஐயா. பிரிட்டன் 1905-ல் கொண்டுவந்த சட்டப்படி, கப்பலின் மலிவான கீழ்த்தளத்தில் வந்த அந்நியரைத்தான் சோதித்தார்கள். கேபின் டிக்கெட் வாங்கியவர் பேசாமல் இறங்கிப் போனார். கனடா சீனர்களிடம் 1885-ல் 50 டாலர் தலைவரி கேட்டது, 1903-ல் அதை 500 ஆக்கியது. இந்தியர் என்றால் கையில் 200 டாலர் வேண்டும், இடையில் எங்கும் மாறாமல் நேராகப் பயணம் செய்து வந்திருக்கவும் வேண்டும். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் தொழில் செய்த குர்தித் சிங் 1914-ல் கோமகட்டா மாரு கப்பலை அமர்த்தி 376 பேரைக் கொண்டுபோனார். வான்கூவர் கரைக்கு எதிரே இரண்டு மாதம் நிறுத்திவைத்து, 24 பேரை மட்டும் இறக்கிவிட்டு, மற்றவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அத்தனை பேரும் பிரிட்டிஷ் பிரஜைகள்!

பாசிர் ரிஸ்வாசி:
அது நிறவெறி, பணம் அதற்கு ஒரு சாக்கு. இன்றைய வரம்பு எந்த நாட்டவருக்கும் ஒன்றுதான். அதை எடுத்துவிட்டால் முதலாளிகள் மலிவாக ஆள் இறக்குவார்கள், உள்ளூர்ப் பிள்ளைகளின் சம்பளம் சரியும். என் மகன் வேலை தேடிக்கொண்டிருக்கிறான், எனக்கு அந்தக் கவலை உண்டு.

சிராங்கூன் வாசகி:
வேலைக்கு எடுக்கும்போது சம்பள வரம்பு இருக்கட்டும், ஏற்கிறேன். ஆனால் இவர்கள் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள். தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்த ரஜூலா கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த நம் முன்னோரிடம் என்ன சொத்து இருந்தது? அவர்களில் பலர் பிற்பாடு குடும்பத்தையும் வரவழைத்துக்கொண்டார்கள்.

துவாஸ் வெல்டர்:
அண்ணா, பள்ளி விடுமுறைக்கு மட்டுமாவது மனைவியும் பிள்ளையும் வந்து உடனிருக்க ஒரு ஏற்பாடு கேட்கிறோம்.

பாசிர் ரிஸ்வாசி:
எங்கே தங்குவார்கள், தொழிலாளர் விடுதியிலா? மருத்துவச் செலவு யாருடையது?

துவாஸ் வெல்டர்:
எங்கள் ஒவ்வொருவருக்காகவும் முதலாளி மாதாமாதம் அரசுக்குத் தீர்வை கட்டுகிறார். அதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கட்டும்.