ஆடிக்காற்றும் ஒன்பது பி.எஸ்.ஐ.யும்

பெட்ரோல் காரில் டர்போ, அதாவது எக்ஸாஸ்ட் வேகத்தில் சுழன்று இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற விசிறி, ஏற்றலாமா என்று யாராவது கேட்டால் போதும், "சும்மா பறக்கும் வே" என்று சொல்ல நாலு பேர் வந்துவிடுகிறார்கள். பறக்கும், பொய்யில்லை. எனக்கும் நாலு மாதம் பறந்தது. ஐந்தாவது மாதம் என்ன ஆனது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கும் பட்டது இருந்தால் கீழே எழுதுங்கள். பூசி மெழுக வேண்டாம்.

ஊர் பாளையங்கோட்டை. வண்டி பழைய 1.5 லிட்டர் பெட்ரோல் செடான், செகண்ட் ஹேண்டில் வாங்கும்போதே 90,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. வெளியூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் டர்போ போட்டோம். டர்போ பழசு. டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிரவைக்கிற இன்டர்கூலர் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால். இன்ஜெக்டர், பிஸ்டன், ஹெட் கேஸ்கெட் எல்லாம் கம்பெனியில் வந்தபடியே. இஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டரான ஈ.சி.யு.வையும் தொடவில்லை, அதன் சிக்னலை மாற்றிவிடுகிற பிக்கிபேக் பெட்டி ஒன்றை நடுவில் சொருகிவிட்டார்கள். ஆரம்பத்தில் 6 பி.எஸ்.ஐ. பூஸ்ட், அதாவது டர்போ கூடுதலாக ஏற்றும் காற்றழுத்தம். அதோடு விட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் பிழைத்திருக்கலாம். வண்ணாரப்பேட்டை பாலத்தில் ஒரு தடவை ஏறி இறங்கியதும் ஆசை அடங்கவில்லை. நானே ஸ்க்ரூவைத் திருகி 9 ஆக்கினேன்.

ஊருக்குள் ஒரு குறையும் இல்லை. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வருகிறேன். ஊருக்குள் பூஸ்ட் வருவது மூன்று நொடி, நாலு நொடி. அப்புறம் சிக்னல், ஆட்டோ, மாடு. இஞ்சின் மூச்சு விட நேரம் கிடைத்துவிடுகிறது. கயத்தாறு வரை இரண்டு தடவை போய் வந்தேன், அதிலும் தெரியவில்லை.

ஆடி பிறந்தது. புதுசாகக் கல்யாணமான தங்கச்சியை நாகர்கோவிலில் இருந்து அழைத்து வர நான்தான் போக வேண்டும். நாங்குநேரி டோல் தாண்டியதில் இருந்தே எதிர்க்காற்று. வள்ளியூர் தாண்டியதும் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைகிற காற்றுக்கு ஆடியில் எவ்வளவு வேகம் என்று நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்பதே அதை நம்பித்தான். 100-இல் போவதற்கு வழக்கத்தைவிட அதிகமாக மிதிக்க வேண்டியிருந்தது. பூஸ்ட் மீட்டர் முள் 0.6 பாரில், அந்த 9 பி.எஸ்.ஐ.யில்தான், ஏறி நின்றது. இறங்கவே இல்லை. நாலு நொடி இல்லை, கால் மணி நேரம்.

சின்னக் கல்லைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம் வந்திருக்கும், அதுதான் நாக்கிங். காற்று இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. காவல்கிணறு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சட்டென்று இழுவை போனது, வண்டி உதறியது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப் புகை. ஓரம் கட்டி பானட்டைத் தூக்கினேன், காற்று அதை என் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தது. ஆயில் டிப்ஸ்டிக் அதன் குழாயை விட்டு அரை சாண் வெளியே வந்து நின்றது. இஞ்சினைச் சுற்றி ஆயில் தெளித்திருந்தது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், என் பிஸ்டன் பறந்தது.

கட்டி இழுத்துப் பாளையங்கோட்டைக்கே கொண்டு வந்தேன். கம்ப்ரஷன் டெஸ்டில் மூன்று சிலிண்டர் 170 பி.எஸ்.ஐ. காட்டியது, மூன்றாம் நம்பர் மட்டும் 40. ஹெட்டைக் கழற்றிப் பிஸ்டனை வெளியே எடுத்த மெக்கானிக் அண்ணாச்சி அதைத் துணியில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். "எலி கடிச்ச முறுக்கு மாதிரி இருக்கு, பாத்தீரா தம்பி?" மேல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் நடுவில் இருக்கிற விளிம்பு, விரல் நகம் அகலத்துக்கு உடைந்து போயிருந்தது. உடைந்த இடம் சாம்பல் நிறத்தில், மணல் மணலாக. அந்தத் துண்டு சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கோடு கிழித்திருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்பட்டது.

ஏன் உடைந்தது என்று அவரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். டர்போ இல்லாமல் வரும் பெட்ரோல் இஞ்சினுக்குக் கம்ப்ரஷன் அதிகம், பத்துக்கு ஒன்று, அதற்கு மேலும் இருக்கும். அதில் மேலும் காற்றை அழுத்தித் திணித்தால் பிளக் பொறி பற்றவைத்த தீ ஓரத்துக்குப் போய்ச் சேருமுன்னே, ஓரத்தில் இருக்கிற கலவை அழுத்தத்திலும் சூட்டிலும் தானாக வெடித்துவிடும். அந்த அடி விழுவது பிஸ்டனின் தலையிலும் ரிங் விளிம்பிலும். கம்பெனி பிஸ்டன் வார்ப்பு அலுமினியம். வளையாது, உடையும். சூடு வேறு: 35 டிகிரியில் உள்ளே போகிற காற்று 0.6 பார் அழுத்தத்தில் டர்போவை விட்டு வரும்போது 100 டிகிரியைத் தொடும். நான் ஊற்றியது சாதாரண 91 ஆக்டேன் பெட்ரோல். ஆக்டேன் எண் குறையக் குறைய நாக்கிங் சீக்கிரம் வரும்.

இதைவிடப் பெரிய கூத்து சென்சாரில். இஞ்சினுக்குள் போகிற காற்றின் அழுத்தத்தைப் பார்க்கிற மேனிபோல்டு பிரஷர் சென்சார், டர்போ இல்லாத வண்டியில் பெரும்பாலும் வெளிக்காற்றின் அழுத்தம் வரைதான் அளக்கும். அதற்கு மேல் எவ்வளவு காற்று வருகிறது என்று ஈ.சி.யு.வுக்குத் தெரியாது, குருட்டாம்போக்கில்தான் பெட்ரோல் அடிக்கும். சின்ன இன்ஜெக்டர் அதன் எல்லைக்கு வந்துவிட்டால் கலவை மெலியும், மெலிந்தால் இன்னும் சூடு. கலவையின் அளவைக் காட்டுகிற வைட்பேண்ட் மீட்டர் ஒன்று மாட்டியிருந்தால் கண்ணிலேயே பட்டிருக்கும். பூஸ்ட் மீட்டர் மட்டும் மாட்டினேன், அழகாக இருந்தது.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர்:

அண்ணே, உங்களுக்குப் பெட்ரோல், எனக்கு டீசல். டீசலில் நாக்கிங் பயம் இல்லை என்ற தைரியத்தில் பழைய 2.5 லிட்டர் ஜீப்புக்கு, டர்போ இல்லாத இஞ்சின்தான், காயலான் கடையில் எடுத்த டர்போவை நானும் மாமா மகனும் சேர்ந்து மாட்டினோம். மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டி மாஞ்சோலை ஏற்றத்தில் செகண்ட் கியரிலேயே திணறுகிற வண்டி, தேர்டில் ஏறியது. பெருமைக்குக் கேட்கவா வேண்டும்.

டர்போவுக்குப் போகிற ஆயில் திரும்பி வர ஒரு குழாய் வேண்டும். அதில் பம்ப் கிடையாது, ஆயில் தன் எடையில்தான் இறங்க வேண்டும். நாங்கள் இடம் இல்லையென்று ரப்பர் ஹோஸை வளைத்து, இஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பில் ஆயில் மட்டத்துக்குக் கீழே விட்டிருந்தோம். ஆயில் இறங்க வழியில்லாமல் டர்போவுக்குள் தேங்கி, சீலைத் தாண்டிக் காற்றுக் குழாய்க்குள் கசிந்திருக்கிறது. டீசல் இஞ்சினுக்கு எது எரிந்தாலும் சரிதானே.

ஒரு நாள் காலையில் வாசலில் ஸ்டார்ட் பண்ணி விட்டிருந்தேன். ஆக்சிலரேட்டரில் யாரும் கால் வைக்கவில்லை, ரேஸ் தானாக ஏறுகிறது. ஸ்டாப் கேபிளை இழுத்தேன். நிற்கவில்லை. டீசல் நின்றாலும் அது தன் ஆயிலையே குடித்து ஓடுகிறது. தெரு முழுக்கக் கொசு மருந்து அடித்த மாதிரி வெள்ளைப் புகை, பக்கத்து வீட்டில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சத்தம் கேட்டு மாமா வந்து, "ஏலே, டாப் கியரப் போட்டு பிரேக்க மிதிச்சிக் கிளச்ச விடுலே!" என்று கத்தினார். போட்டேன். வண்டி ஒரு முறை குதித்து நின்றது. கால் நடுக்கம் நிற்கப் பத்து நிமிஷம் ஆனது. கியரில் போட்டும் நிற்காவிட்டால் காற்றுக் குழாயின் வாயைப் பலகையால் அடைக்க வேண்டும். கையை வைக்கப் போகாதீர்கள், இழுத்துக்கொள்ளும்.

பேரிங் எல்லாம் மாற்றி, ஆயில் திரும்புகிற குழாயை நேராகக் கீழே இறக்கி மறுபடி போட்டோம். 0.5 பாருக்கு மேல் வைக்கவில்லை. எக்ஸாஸ்ட் சூடு காட்டும் மீட்டர் ஒன்று உண்டு, ஏற்றத்தில் 700 டிகிரியை நெருங்கினால் காலை எடுத்துவிடுவேன். இப்போதும் ஓடுகிறது.

தென்காசிக்காரர்:

ஒரு சந்தேகம். எதிர்க்காற்று அடித்தால் இன்டர்கூலருக்கு இன்னும் நல்லதுதானே? அப்புறம் எப்படிச் சூடு?

பதிவிட்டவர்:

நல்ல கேள்வி, நானும் அப்படித்தான் நினைத்தேன். 100-இல் போகும்போது 40 எதிர்க்காற்று என்றால் வண்டிக்கு அது 140 வேகக் காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கூலருக்குக் கிடைத்த லாபத்தைவிட இஞ்சின் செய்த வேலை அதிகம். தவிர நம்பர் பிளேட் அதன் பாதியை மறைத்துக்கொண்டிருந்தது.

வீரவநல்லூர், முன்பு ஷார்ஜா:

டர்போவை மட்டும் ஏசாதீர்கள். அங்கே எனக்குத் தெரிந்தவர் வி8 வண்டிக்கு சூப்பர்சார்ஜர் போட்டிருந்தார். அது பெல்ட்டில் ஓடுவது, எக்ஸாஸ்ட் சூட்டில் வேகாது, கீழ் ரேஸிலேயே இழுக்கும். ஆனால் தன்னைச் சுற்றவே கிராங்கிடம் இருந்து சக்தியை வாங்கிக்கொள்ளும். அந்த வெயிலிலும் இஞ்சின் தாங்கியது. காரணம் 98 ஆக்டேன் பெட்ரோல், குறைந்த பூஸ்ட், வண்டிக்கென்றே எழுதிய டியூன், அதாவது ஈ.சி.யு. புரோகிராம். டியூனுக்குக் கொடுத்த காசு சூப்பர்சார்ஜர் விலையில் பாதி என்று புலம்புவார். இங்கே எல்லோரும் விடுவது அந்தப் பாதியைத்தான்.

டவுனில் இருந்து ஒருவர்:

ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இருக்கிறது, மறந்துவிட வேண்டாம். சொல்லாமல் மாற்றினால் இன்சூரன்ஸிலும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். வேறொன்றுமில்லை.

பதிவிட்டவர்:

எல்லோருக்கும் நன்றி. டர்போ வைத்தே வருகிற வண்டிகளைப் பற்றித் தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். அது வேறு கதை. அதில் பிஸ்டன், கூலிங், ஆயில் பாதை, ஈ.சி.யு. எல்லாமே பூஸ்ட்டுக்கென்று கணக்குப் போட்டுச் செய்தவை. நல்ல ஆயிலைக் காலத்தில் மாற்றி, ஹைவேயில் ஓட்டி வந்ததும் ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டு அணைத்தால் போதும். சூட்டோடு அணைத்தால் டர்போ பேரிங்கில் ஆயில் கருகிப் படியும்.

என் வண்டிக்கு சிலிண்டரைப் போர் பண்ணி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, பழையபடி டர்போ இல்லாமல் ஓட்டுகிறேன். டர்போ பரணில் கிடக்கிறது. தங்கச்சியை அந்த ஆடிக்கு அப்பாதான் பஸ்ஸில் போய் அழைத்து வந்தார். இப்போதும் நாகர்கோவிலுக்கு வருகிறேன் என்று போன் போட்டால் அவள் கேட்கிற முதல் கேள்வி, "பஸ்ஸிலயா, கார்லயா?"