கொரோலா 121 முன் ஸ்பிரிங்: ஒரிஜினலா, மாத்தினதா?

கிளிநொச்சியில பாவிச்ச ரொயோட்டா கொரோலா 121 ஒண்டு பார்க்கிறம். இடப்பக்க முன் ஸ்பிரிங்கில மங்கின பெயின்ற் கோடு (ஸ்பிரிங் வகையைக் காட்ட கொம்பனி போடுற அடையாளம்) இருக்கு. வலப்பக்கத்தில கோடே இல்லை, கறுப்புப் பூச்சு புதுசா மினுங்குது. ரயர் காற்றைச் சரிபார்த்து, சமதரையில முன்னுக்குப் பின்னுக்கு உருட்டிப்போட்டு, சில்லு நடுவிலயிருந்து மட்கார்ட் விளிம்புவரை அளந்தால் வலம் 15 மில்லிமீற்றர் உயரம்.

கோடு அழிஞ்சும் போகும், அதை மட்டும் நம்பேலாது. கம்பித் தடிப்புத்தான் முக்கியம்: சுற்றின் விட்டமும் எண்ணிக்கையும் மாறாட்டிலும், 12 மில்லிமீற்றர் கம்பி 13 ஆனால் இறுக்கம் மூண்டிலொரு பங்குக்கு மேல கூடும்.

இதே மொடல் வச்சிருக்கிறவை வேர்ணியரால (தடிப்பு அளக்கிற கருவி) கம்பியை அளந்து, சுற்றையும் எண்ணி, கோட்டு நிறத்தோட எழுதுங்கோ. பெற்றோலா டீசலா எண்டும் போடுங்கோ. எஞ்சின் பாரம் மாறினால் ஸ்பிரிங்கும் மாறும்.